மொய்க் கவரில் போன ஒற்றை ரூபாய்

சாரல் பிடித்துவிட்டால் தென்காசியில் விஜயசங்கரின் ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு வியாபாரம்தான். மழையில் நனைந்துபோன ஆதார் அட்டைக்குப் புதிதாக நகல் எடுத்து லேமினேஷன் போட்டுக் கொடுப்பது ஒன்று. மொய்க் கவருக்கு ஒற்றை ரூபாய் நோட்டு விற்பது இன்னொன்று. ஆனி மாத முகூர்த்தங்களுக்குப் போகிறவர்கள் வெறும் ஐந்நூறைக் கவரில் வைக்க மாட்டார்கள். மொட்டையாக இருக்குமாம். கூட ஒரு ரூபாய் இருந்தால்தான் அது மொய். அந்த ஒன்றையும் நாணயமாகப் போட்டால் கவர் ஒரு பக்கமாகத் தொங்கும், சலவை நோட்டாக வைத்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். அதனால் ஒரு ரூபாயைப் பத்து ரூபாய் கொடுத்து வாங்கிப் போவார்கள். வாங்கும்போது கொஞ்சம் முனகுவார்கள், அவ்வளவுதான்.

அந்தப் பத்தையும் நாணயமாக நீட்டுகிறவர்கள் உண்டு. செங்கோட்டையைத் தாண்டிக் கேரளத்துக்குள் போய்விட்டால் டீக்கடையில்கூட செல்லுகிற பத்து ரூபாய் நாணயம் இங்கே ஒரு பெட்டிக்கடையில் செல்லாது. செல்லும் செல்லும் என்று எத்தனை அறிவிப்பு வந்தாலும் ஊர் கேட்பதாக இல்லை. விஜயசங்கர் மட்டும் வாங்கிக்கொள்வான். ஒவ்வொன்றையும் திருப்பிப் பார்த்து, ஏதாவது ஒரு விழாவுக்கென்று அச்சடித்த நினைவு நாணயமாக இருந்தால் எடுத்துத் தனி டப்பாவில் போடுவான். பழைய நோட்டும் நினைவு நாணயமும் சேர்ப்பது அவன் பைத்தியம். பைத்தியம் என்பது அவன் மனைவி யோகலட்சுமி வைத்த பெயர். அதில் அவனுக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

செல்போனில் வீடியோ பார்த்துவிட்டு, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறவர்களும் உண்டு.

“இதுக்கு லட்ச ரூவா தாராங்களாமே அண்ணாச்சி?”

“அஞ்சு ரூவாய்க்குக் கொறையாம தருவாங்க,” என்பான் விஜயசங்கர்.

அவர்கள் கோபித்துக்கொண்டு போவார்கள். நோட்டின் விலை அதன் வயதில் இல்லை, எத்தனை பேரிடம் அது இல்லை என்பதில் இருக்கிறது என்று அவன் விளக்க முயன்றதுண்டு. யாரும் நின்று கேட்டதில்லை.

ஆனால் அவனிடமே லட்ச ரூபாய் பெறுமானமுள்ள ஒரு நோட்டு இருந்தது. கடைக்கென்று வாங்கிய ஒரு ரூபாய்க் கட்டைப் பிரித்து எண்ணும்போது கையில் வந்தது. எண் 111111. ஆறு இடத்திலும் ஒன்று. அதுவும் ஒரு ரூபாய் நோட்டில். அன்று கடையை அப்போதே சாத்திவிட்டு வீட்டுக்கு வந்து, விளிம்பை மட்டும் இரண்டு விரலால் பிடித்து ஜன்னலுக்கு நேரே வைத்துப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் அந்த ஒன்றுகள் மெல்லக் கீழே இறங்க ஆரம்பித்தன. குற்றாலத்தில் தண்ணீர் குறைவாக விழும் நாட்களில் பாறையில் தனித்தனிக் கோடாக வழியுமே, அந்த மாதிரி. கண்ணைச் சிமிட்டினால் நின்றுவிடும், மறுபடி பார்த்தால் மறுபடி இறங்கும். பிறகு பல நாட்கள் அவன் தூங்குவதற்கு முன் கண்ணுக்குள் அந்தத் தண்ணீர்தான் விழுந்துகொண்டிருந்தது.

அதற்கு ஆளும் கிடைத்தான். கடையநல்லூர் துல்கர்னைன், சார்ஜாவில் வேலை. ஒரு ரூபாயில் ஆறு இரண்டு, ஆறு மூன்று என்று ஆறு ஒன்பது வரை சேர்த்துவிட்டான், ஆறு ஒன்று மட்டும் அகப்படவில்லை. விடுமுறையில் வந்தவன் நோட்டுக்குப் பின்னால் டார்ச் அடித்து வெகுநேரம் பார்த்தான்.

“ஒரு மடிப்பு இல்ல, ஒரு பின் ஓட்டை இல்ல. மடிப்பு விழுந்தா பாதி வெல அண்ணாச்சி, ஓட்டை விழுந்தா அதுலயும் பாதி. இப்பிடியே இருந்தா ஒண்ணேகால் லட்சம். ஆடி பொறந்ததும் எனக்கு பிளைட். அதுக்கு முந்தி வாங்கிக்கிடுதேன். அதுவரைக்கும் உங்கள்ட்டயே இருக்கட்டும், எங்க வீட்ல பிள்ளைய கைய வச்சிரும்.”

பிள்ளைகள் இல்லாத வீட்டில் அப்படி ஒரு வசதி இருந்தது. துல்கர்னைன் யோசித்துச் சொன்ன சொல் இல்லை அது. விஜயசங்கரும் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டான்.

அந்த ஒன்றேகால் லட்சத்துக்கு வேலை தயாராக இருந்தது. மேலகரத்தில் ஒரு சின்ன வீடு விலைக்கு வந்திருந்தது. வங்கிக் கடன் சரியாகிவிட்டது, கையிருப்பையும் வழித்துப் போட்டாயிற்று, பத்திரப் பதிவுச் செலவுக்குத்தான் இடித்தது. ஆடி பிறந்த கையோடு பதிவு நடக்காவிட்டால் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்று வீட்டுக்காரர் கறாராகச் சொல்லியிருந்தார். பதிவு முடிந்தால் ஆவணியில் பால் காய்ச்சலாம்.

யோகலட்சுமிக்கு வீட்டைவிட அந்தப் பால்காய்ப்புதான் பெரிது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் அவர்கள் வாசலில் ஒரு பந்தல் போட்டதில்லை. காதுகுத்து இல்லை, சடங்கு இல்லை. ஊரார் வீட்டு விசேஷம் ஒன்று விடாமல் அவள் போய் மொய் வைத்துவிட்டு வந்தாள். தன் வாசலிலும் ஒரு நாள் மாவிலை கட்டி, வாருங்கள் வாருங்கள் என்று நாலு பேரைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாயசம் ஊற்ற வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. யார் யாரைக் கூப்பிடுவது, அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்பதெல்லாம் இப்போதே முடிவாகிவிட்டது.

விசேஷங்களுக்குப் போய் வந்தாள் என்றால், தனியாகப் போய் வந்தாள். விஜயசங்கர் போவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. பந்தியில் பக்கத்தில் உட்காருகிறவர் இலையில் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே, பிள்ளைய என்ன படிக்குது என்று கேட்பார். அதோடு அவனுக்குச் சோறு இறங்காது. கடையில் வேலை கிடக்கிறது, நீ போய்ட்டு வா என்று சொல்லிவிட்டு நோட்டு ஆல்பத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். அதே கேள்வியை அவளிடமும் கேட்பார்களே என்று அவன் யோசித்ததில்லை. யோசிக்காமல் இருப்பது சௌகரியமாக இருந்தது.

இந்த ஆனியில் முதல் கல்யாணம் யோகலட்சுமியின் சித்தி இராமலட்சுமி வீட்டில். அவளுடைய இளைய மகளுக்கு இலஞ்சிக் குமாரர் கோயிலில் தாலி கட்டு. அன்று காலை விஜயசங்கர், எல்லாம் நல்லபடியாக முடியட்டும் என்று, அந்த நோட்டைப் பிளாஸ்டிக் உறையோடு சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டுக் கடைக்குப் போனான். கடைக்கு வாங்கும் புதுக் கட்டுகளையும் முதலில் அங்கேதான் வைப்பது. அதுதான் வினையாயிற்று.

சாயங்காலம் அவன் வரும்போது சாமி படத்துக்கு முன்னால் வெறும் உறை கிடந்தது. யோகலட்சுமி பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பாதத்தில் சேறு காய்ந்திருந்தது. தலையில் பிச்சிப்பூ வாடியிருந்தது.

“கெளம்புத அவசரத்துல கவர்ல வைக்க ஒத்த ரூவா இல்ல. நல்லவேளை, சாமிகிட்ட ஒரு நோட்டு இருந்துது. அத எடுத்து வச்சிட்டேன்,” என்றாள் அவன் முகத்தையே பார்த்தபடி.

விஜயசங்கருக்குக் காது அடைத்துக்கொண்டது. மொய்யாகப் போனதைத் திருப்பிக் கேட்பது இந்தப் பக்கத்தில் நடக்காத காரியம். கேட்டால் அன்றோடு உறவு முடிந்தது. அதுகூடப் பெரிதில்லை. அது எந்த நோட்டு என்ற உண்மையைச் சொன்னால் இவள் என்ன ஆவாள்? தன் வீட்டு முதல் விசேஷத்தைத் தன் கையாலேயே கவரில் போட்டு ஒட்டிக் கொடுத்துவிட்டு வந்தோம் என்பதை ஆயுசுக்கும் சுமந்துகொண்டு திரிவாள். கத்த வேண்டும் என்று வந்ததை அவன் விழுங்கினான்.

“பரவால்ல,” என்றான். கொஞ்சம் பொறுத்து, “நாளைக்கு மறுவீட்டுச் சாப்பாடு இருக்குல்லா? நானும் வாறேன்.”

அவள் நீட்டியிருந்த காலை மடக்கினாள். “நீங்களா?”

“அத்தை வீடுதான. போகாம எப்படி.”

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு எழுந்துபோய் முகம் கழுவ ஆரம்பித்தாள், வெகுநேரம் கழுவினாள்.

மறுநாள் இராமலட்சுமி வீட்டுப் பந்தியில் எதிர்பார்த்தது நடந்தது. யாரோ ஒரு பெரியம்மா, யோகலட்சுமிக்கு அடுத்த இலைக்காரி, கூட்டை வழித்துக்கொண்டே கேட்டாள்: “பிள்ளைய என்ன படிக்குது?”

விஜயசங்கர் இலையைப் பார்த்தான். யோகலட்சுமி சிரித்த முகமாகத் திரும்பினாள். “பிள்ளைய இல்லம்மா. நாங்க ரெண்டு பேருந்தான். இந்த ரசம் யாரு வச்சா, இவ்வளவு நல்லாருக்கே.”

பேச்சு ரசத்துக்குப் போய்விட்டது. எத்தனை பந்தியில் சொல்லிச் சொல்லி அந்தப் பதில் இவ்வளவு வழவழப்பாகியிருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது. தன் நோட்டைத் தேட வந்த இடத்தில் இதென்ன கண்ணில் படுகிறது என்று எரிச்சலும் வந்தது.

கை கழுவப் போகும் சாக்கில் இராமலட்சுமியைப் பிடித்தான். “கடையில ஒத்த ரூவா நோட்டுக்குத் தட்டுப்பாடு அத்தை. கவர்ல வந்தது இருந்தா குடுங்களேன், மேல போட்டுத் தாரேன்.”

“நேத்தே சொல்லப்பிடாதா மாப்ள. நம்ம ஆலங்குளத்து நெல்லையப்பன் மகனுக்குக் குத்தாலத்துல கல்யாணம்லா. மாப்பிள்ளைக்கு ரூவா மாலை கட்டணும்னு இருந்த நோட்டையெல்லாம் வாங்கிட்டுப் போய்ட்டாவ.”

ரூபாய் மாலை என்றால் ஒவ்வொரு நோட்டையும் விசிறியாக மடித்து, நடுவில் பின் அடித்துப் பூவாக்கித் தொடுப்பது. மடிப்பு விழுந்தால் பாதி, ஓட்டை விழுந்தால் அதிலும் பாதி. விஜயசங்கர் அங்கேயே நின்று மனதுக்குள் வகுத்துப் பார்த்தான். ஆனால் நெல்லையப்பன் வீட்டில் இன்னும் மாலை கட்டியிருக்க மாட்டார்கள் என்று ஒரு நப்பாசை. “ஆலங்குளத்துல பந்தக்கால் நடுதாவளாமே, போவோமா?” என்று திரும்பும் வழியில் கேட்டான். யோகலட்சுமி அவனை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாள்.

ஆலங்குளம் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம். சாரல் சாய்வாக உள்ளே வந்தது. அவள் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து ஜன்னல் இடுக்கில் திணித்தாள். இதற்கென்றே ஒரு துண்டு வைத்திருக்கிறாள் என்பதை அவன் அன்றுதான் பார்த்தான். வெளியே வயல்களுக்கு அப்பால் காற்றாலைகள் பாதி மேகத்துக்குள் சுற்றின. கீழே வரும் இறக்கை மட்டும் தெரியும், மேலே போனதும் காணாமல் போகும். யோகலட்சுமி யார் வீட்டுப் பெண்ணை யாருக்குக் கொடுத்தது என்று சொல்லிக்கொண்டே வந்தாள். அவன் ம் போட்டபடி கண் அசந்தான். எல்லோர் கழுத்திலும் ரூபாய் மாலை இருந்தது. பஸ் டிரைவர் போட்டிருந்தார், வயலில் நாற்று நடுகிறவர்கள் போட்டிருந்தார்கள், மலை போட்டிருந்தது. எல்லா நோட்டிலும் ஒன்றுகள் வழிந்துகொண்டிருந்தன. விழித்தபோது அவன் தலை அவள் தோளில் இருந்தது. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஆலங்குளத்தில் மாலை கட்டி முடித்துக் குற்றாலத்து மண்டபத்துக்கே அனுப்பிவிட்டிருந்தார்கள். “புது நோட்டா பாத்துப் பாத்து வச்சிருக்கோம்,” என்று நெல்லையப்பன் பெருமையாகச் சொன்னார். விஜயசங்கர் கேசரியை விழுங்கினான்.

குற்றாலத்துக் கல்யாணத்தன்று மலையே தெரியவில்லை. மேகம் லாட்ஜ் மாடிகள் வரைக்கும் இறங்கியிருந்தது. தெருவெல்லாம் ஈரத்துணியும் மாலிஷ் எண்ணெயும் கலந்த வாடை. மண்டபத்தில் மாப்பிள்ளைக்கு ரூபாய் மாலை முழங்கால் வரை தொங்கியது. வாழ்த்த வந்தவர்களின் வரிசையில் நின்று மேடையேறிய விஜயசங்கர், கை குலுக்கிய கையை விடாமல் மாப்பிள்ளையின் மார்பையே பார்த்துக்கொண்டு நின்றான். விசிறி மடிப்பில் எண்கள் துண்டு துண்டாகத்தான் தெரிந்தன. ஒரு பூவில் 11 தெரிந்தது. இன்னொன்றில் ஒரு 1. போட்டோக்காரர் இரண்டு முறை இருமினார். பின்னால் நின்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். யோகலட்சுமி அவன் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அவனை மாலையோடு ஐந்தருவிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். புது மாப்பிள்ளையைத் தண்ணீரில் தள்ளாமல் விட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. விஜயசங்கரும் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே போனான். அருவியின் புகை முகத்தில் அடித்தது. எங்கே தண்ணீர் முடிந்து எங்கே மேகம் தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. சத்தம்கூட வெகுதூரத்தில் கேட்பது மாதிரி இருந்தது. தள்ளுமுள்ளில் மாலை அறுந்தது. நனைந்த பூக்கள் விரிந்து நோட்டுகளாகித் தண்ணீரில் மிதந்தன. பையன்கள் கத்திக்கொண்டு பொறுக்கினார்கள். ஒன்று மட்டும் யார் கையிலும் சிக்காமல், பாறையைச் சுற்றி நிதானமாகத் திரும்பி, ஓடைக்குள் இறங்கியது.

அதுதான் என்று விஜயசங்கருக்கு உறுதியாகத் தெரிந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. குடையைப் போட்டுவிட்டுப் பட்டுக்கரை வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினான். கை நீட்டிய இடத்தில் நுரை மட்டும்தான் இருந்தது.

“ஏங்க, என்ன தேடுதிய?” கரையில் யோகலட்சுமி நின்றாள். முகம் வெளுத்திருந்தது. “மேல வாங்க. நான் ஒண்ணு சொல்லணும்.”

“ஒண்ணும் தேடல. கால் வழுக்கிட்டு,” என்று அவன் ஏறி வந்தான். “வீட்டுக்குப் போவோம். எதுவும் சொல்லாத, எனக்குக் குளுருது.”

அவள் ஜன்னலில் திணிக்கும் அந்தத் துண்டால் அவன் தலையைத் துவட்டினாள்.

ஊர் திரும்பும்போது யானைப்பாலத்தில் அவன் நின்றான். கீழே சிற்றாறு செம்மண் கரைத்துப் போய்க்கொண்டிருந்தது. இந்நேரம் அது பாலத்தைக் கடந்திருக்கும் என்று நினைத்தான். மடிப்பெல்லாம் பிரிந்து தட்டையாக, மேலே ஆறு ஒன்றும் தெரியும்படி, அவசரமில்லாமல் தாமிரபரணிக்குப் போய்க்கொண்டிருக்கும். ஒன்றேகால் லட்சம் போவதைப் பார்க்கிறவனுக்கு வயிறு எரிய வேண்டும். எரியவில்லை. வீடு போனதை அவளிடம் எப்படிச் சொல்வது என்ற துக்கம் மட்டும் நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. துல்கர்னைனின் போன் வந்தது. அவன் எடுக்கவில்லை.

ஆனி கடைசி நாளில் இன்னொரு விசேஷம் பாக்கி இருந்தது. இராமலட்சுமியின் மூத்த மகள் உமா மகேஸ்வரிக்கு வளைகாப்பு. விஜயசங்கருக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. தேட எந்த நோட்டும் இல்லை. காலையில் யோகலட்சுமி புடவைக்குப் பின் குத்திக்கொண்டே சொன்னாள்: “இதுக்கு நீங்க வர வேண்டாம். பொம்பளைய சடங்கு. நான் போய்ட்டு வந்திருதேன்.”

அந்தக் குரலை அவனுக்குத் தெரியும். வருஷக்கணக்கில் கேட்ட குரல்தான். இத்தனை நாளும் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு ஆல்பத்தைப் பிரித்திருக்கிறான். இன்று வேறு மாதிரிக் கேட்டது.

“வாறேன்,” என்று சட்டையை மாட்டினான்.

ஆண்கள் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில். அவன் வாசலுக்கு நேராக உட்கார்ந்திருந்தான். உள்ளே உமா மகேஸ்வரி பலகையில் அமர்ந்திருக்க, இராமலட்சுமி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். கூப்பிட்டவர்கள் வந்து சந்தனம் பூசி, வளையல் போட்டு, நெட்டி முறித்துப் போனார்கள். யோகலட்சுமி பக்கத்தில் வளையல் தட்டை ஏந்தி நின்றாள். நூலைப் பிரித்து, அளவு பார்த்து, பச்சையும் சிவப்புமாகச் சேர்த்து அடுத்தவர் கையில் எடுத்துக் கொடுத்தாள். அவள் பெயரை யாரும் கூப்பிடவில்லை. கெட்ட மனதில் யாரும் அதைச் செய்யவில்லை. அப்படித்தான் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும், அதனால்தான் கூப்பிடுவதற்கு முன்பே தட்டைக் கையில் எடுத்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை வளைகாப்பில் இப்படித் தட்டோடு நின்றிருப்பாள். தன்மேல் விஜயசங்கருக்கு வந்த வெறுப்பு கொஞ்சநஞ்சமில்லை.

எழுந்து செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அவள் பக்கத்தில் நின்றான்.

“மாப்ளைக்கு வளையல் வேணுமாக்கும்,” என்றாள் இராமலட்சுமி. பெண்கள் சிரித்தார்கள்.

“யோகா இன்னும் போடலியே அத்தை,” என்றான்.

சிரிப்பு நின்றது. தட்டில் வளையல்கள் லேசாகக் கிலுங்கின. இராமலட்சுமி யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்தாள். உமா மகேஸ்வரிதான் இரண்டு கையையும் நீட்டினாள்.

“நானும் அதத்தான் பாத்துட்டே இருக்கேன். அக்கா, தட்ட அத்தான்ட்ட குடுத்துட்டு வா.”

தட்டு அவன் கைக்கு வந்தது. யோகலட்சுமி சந்தனம் பூசினாள். வளையல் ஏற்றும்போது ஒன்றுகூட உடையவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று விஜயசங்கர் வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே வந்தான். விளக்கேற்றும் நேரம். நாளை ஆடி.

“யோகா, மேலகரத்து வீடு...”

“இருங்க,” என்று அவள் பீரோவைத் திறந்தாள். கூறைப்புடவைப் பெட்டியை எடுத்தாள். புடவைக்கு அடியிலிருந்து இராமலட்சுமி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தது. தடித்த அட்டைப் பத்திரிகை. அதை விரித்து, உள்ளே இருந்ததை விளிம்பில் மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்தாள். அவன் எப்படிப் பிடிப்பானோ அதே மாதிரி.

ஆறு ஒன்றுகள். ஒரு மடிப்பு இல்லை.

அவனுக்கு முதலில் கனவு என்றுதான் தோன்றியது. தாமிரபரணிக்குப் போன நோட்டு எப்படிப் புடவைப் பெட்டிக்குள் வரும்?

“கவர ஒட்டும்போதே பஸ்ல நம்பரப் பாத்துட்டேன். கண்டக்டர்ட்ட ஒத்த ரூவா காசு வாங்கிக் கவர்ல போட்டுட்டு, இத பத்திரிகைக்குள்ள வச்சுக் கொண்டாந்தேன்.”

“பெறவு கவர்ல வச்சிட்டேன்னு ஏன் சொன்ன?”

“நீங்க குதிப்பியன்னு பாத்தேன். குதிச்சதும் எடுத்துக் குடுத்துச் சிரிக்கலாம்னு இருந்தேன். நீங்க என்னன்னா பரவால்லன்னுட்டிய. நாளைக்கு நானும் வாறேன்னிய. எனக்கு வாய் வரல.”

அவனுக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. “இத்தனை நாளும் என்னைத் தெருத்தெருவா அலைய விட்டுட்டு வேடிக்க பாத்திருக்க. அருவில இடுப்புத் தண்ணில நின்னேன்.”

“ஆமா. அங்கன வச்சே சொல்லத்தான் வந்தேன். நீங்க கேக்கல.” அவள் மறுத்துப் பேசவில்லை. “நோட்டத் தேடித்தான் வாரியன்னு தெரியும். தெரிஞ்சும் நல்லாருந்துது. பஸ்ல பக்கத்துல ஒரு ஆள் உக்காந்து வாரது நல்லாருந்துது. எப்பிடியும் துல்கர்னைன் போறதுக்குள்ள குடுத்திருவோம், இன்னும் ஒரு விசேஷம், இன்னும் ஒரு விசேஷம்னு தள்ளிக்கிட்டே வந்துட்டேன். தப்புத்தான்.” நோட்டைப் பத்திரிகைக்குள் பத்திரமாக வைத்து மூடினாள். “ஆனா அருவியோட அது போச்சுன்னு நீங்க முடிவு பண்ணிட்டிய. உங்க முகத்துலயே தெரிஞ்சுது. அதுக்குப் பெறவு இன்னைக்கு எதுக்கு வந்திய?”

விஜயசங்கர் யோசித்தான். உண்மையான பதிலைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. கோபம் எங்கே போனது என்றும் தெரியவில்லை.

“நீ வர வேண்டாம்னு சொன்னேல்லா,” என்றான். “அதான் வந்தேன்.”

யோகலட்சுமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவன் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு அவன் துல்கர்னைனைப் போனில் கூப்பிட்டு, இப்போதே வருகிறோம் என்று சொன்னான்.

கடையநல்லூர் பஸ்ஸில் கூட்டம் இல்லை. அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து இடுக்கில் துண்டைத் திணித்தாள். பத்திரிகை அவள் மடியில் இருந்தது. இங்கே கொடு என்று அவன் கை நீட்டினான்.

“நானே வச்சுக்கிடுதேன். நீங்க வழியில தூங்கிருவிய.”

கண்டக்டர் கம்பியைப் பிடித்தபடி வந்தார். “எத்தனை பேரு?”

அவள் வாயைத் திறப்பதற்குள் விஜயசங்கர் சொன்னான்: “நாங்க ரெண்டு பேருந்தான்.”